இடம் மாறிய இருமல்

தங்கும் அறை வைத்த பழைய உல்லாசப் படகு ஒன்றுக்கு இரண்டு இன்ஜின்கள். கொஞ்ச தூரம் போய்ச் சூடு ஏறியதும் இடது இன்ஜின் இருமி இருமி நின்றுவிடும். படகு ஒரே இடத்தில் வட்டமடிக்கும்.

"இன்னொரு தடவை எது நின்னாலும் கழட்டிக் காயலான் கடையில போட்டுடுவேன்" என்று படகுக்காரர் கத்தினார்.

"உடம்பைப் பார்த்துக்கணும்டா. நமக்கு ஒரே வயசுதானே, நான் இருமுறேனா?" என்றது வலது இன்ஜின்.

மெக்கானிக் ரெஜிஸ் வந்தார். தீப்பொறி கொடுக்கும் காயில்களைக் கழற்றி, இடதுடையதை வலதுக்கும் வலதுடையதை இடதுக்கும் மாட்டினார்.

"கோளாறு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்ப்போம்ணே."

படகு கிளம்பியது. சூடு ஏறியதும் வலது இன்ஜின் இருமியது!

"ஐயோ, இது என் இருமல் இல்லை!" என்று அது அலறியது.

"உடம்பைப் பார்த்துக்கணும்டா" என்றது இடது.

"நேத்து வரைக்கும் இருமினது நீதானே?"

"நானா இருமினேன்? அப்போ இன்னிக்கு நான் ஏன் இருமவே இல்லை?"

ரெஜிஸ் கெட்டுப்போன காயிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினார். படகு நேராக ஓடியது.

"ஏண்டா, நம்ம ரெண்டு பேர்ல யாருக்குத்தான் உடம்பு சரியில்லாம இருந்துச்சு?" என்றது வலது.

"அதுகூடப் பரவாயில்லைடா" என்று கவலையோடு சொன்னது இடது. "இனிமே யாரு யாருக்குப் புத்தி சொல்றது?"