பலகையில் எழுதாத அர்த்தம்

பலகையில் இங்கிலீஷில் 'டேக்' என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

இந்த ஒரு சொல்லின் தலையில் வெள்ளைக்காரன் ஏற்றிய சுமையை எங்கள் கம்போடியாவின் கெமர் மொழியில் பத்துச் சொற்கள் பங்கு போட்டுச் சுமக்கின்றன. மருந்தை நாங்கள் விழுங்குவோம். பஸ்ஸில் ஏறுவோம். படம் பிடிப்போம். பரீட்சை எழுதுவோம். நேரம் ஆகும். அவனுக்கு எல்லாமே டேக்தான்.

பரீட்சையை டேக் பண்ணலாமென்றால் பாஸையும் அப்படியே டேக் பண்ணிக்கொள்ளலாமா என்று பின்வரிசையில் ரத்தனாக் கேட்டான். டுக்-டுக் ஆட்டோ ஓட்டுகிறவன். இதே வகுப்பில் மூன்றாவது தடவையாக உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள்.

வயதுக்கு மரியாதையாக வகுப்பே சித்தி என்று கூப்பிடும் சொக்கோம் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

பாட்டம்பாங் பாலத்தடியில் காலை வேளையில் அரிசிச் சேவையும் மீன் குழம்பும் விற்கிறவர். வயது ஐம்பத்தெட்டு. ஊரில் எத்தனையோ இங்கிலீஷ் வகுப்பு இருக்க, மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே இருக்கிற என் வகுப்புக்கு எட்டு மாதமாக வருகிறார். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கிண்ணம் சேவை. நானும் வெட்கமில்லாமல் வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

எதற்குப் படிக்கிறார் என்பது வகுப்புக்கே தெரியும். அவர் மகள் கொலாப் வரும் சனிக்கிழமை அமெரிக்காவிலிருந்து வருகிறாள். நாலு வயதில் போனவள், இப்போது இருபத்தாறு. கெமரில் ஒரு சொல் தெரியாது. தேடிப்பிடித்து அவள் அனுப்பிய முதல் செய்தியை ரத்தனாக்தான் வாசித்துச் சொன்னானாம். ஒரே ஒரு வரி. ஏன் என்னைக் கொடுத்துவிட்டாய்?

வளர்க்கக் கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. வீட்டில் அரிசி இல்லாத வருஷம் பிள்ளையைப் புத்த விகாரையிலோ வசதியான உறவுக்காரர் வீட்டிலோ விடுவோம். அங்கே சாப்பிடும், படிக்கும், புத்தாண்டுக்கு வீடு வரும். பிள்ளை யாருடையது என்று யாருக்கும் சந்தேகம் வராது.

ஆற்றங்கரை அனாதை இல்லத்தில் சித்தி கட்டைவிரல் வைத்ததும் அந்த நம்பிக்கையில்தான். அதற்கப்புறம் புத்தாண்டு தோறும் மகளுக்கு ஒரு பாவாடை வாங்கி வைத்தார். ஒவ்வொரு வருஷமும் ஒரு விரற்கடை நீளமாக. பத்தாவது பாவாடையோடு நிறுத்திவிட்டார்.

வகுப்பு கலைந்ததும் சித்தி பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார்.

சிவப்பு மைக் கைரேகை பழுப்பேறிப் போயிருந்தது. மேலே நாலு வரி இங்கிலீஷ். அதில் ஒரு சொல்லின் அடியில் விரல் வைத்தார். 'டேக்'. அவருக்கு இப்போது வாசிக்கத் தெரிந்த சொல். பலகையில் நான் எழுதிய அர்த்தங்களில் இது எது என்று கேட்டார்.

எதுவும் இல்லை என்றேன். எடுத்துக்கொண்டு போவது, திருப்பித் தராமல், என்றைக்குமாக.

சித்தி தலையாட்டினார். அழவில்லை.

விரல் மெதுவாகத் தாளின் அடிப்பக்கம் இறங்கியது. தாயின் மொழியில் வாசித்து விளக்கப்பட்டது என்று அங்கே ஒரு வரி. அதன் கீழே, வாலை நீட்டிச் சுழித்த ஒரு கையெழுத்து.

பக்கத்தில் தன் வகுப்பு அட்டையை வைத்தார். வாராவாரம் நான் போட்டுக்கொடுத்த கையெழுத்துகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் அதே வால், அதே சுழி.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த இல்லத்தில் மொழிபெயர்ப்பாளன். தாளில் இருந்தது எனக்குத் தெளிவாகவே புரிந்தது. ஆனால் வாசலில் இன்னும் பதினோரு தாய்மார்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளதைச் சொன்னால் அழுவார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். படிக்கவைத்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று சொன்னேன். எல்லோரும் விரலை நீட்டினார்கள். அந்த முகங்களில் ஒன்றைக்கூட நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

சித்தி தாளை உறைக்குள் போட்டார். கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க வாத்தியாரே, ஆறிடும்."

படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

"சனிக்கிழமை நீங்களும் வீட்டுக்கு வாங்க. அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னீங்களோ, அத அப்படியே எம்பொண்ணுகிட்ட அவ பாஷையில சொல்லுங்க. எட்டு மாசமா நானும் முட்டி மோதிப் பாத்துட்டேன், அதச் சொல்ற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரல."