இரண்டு பொட்டலம்

அபுதாபி பக்கம் ருவைஸ் எண்ணெய் ஆலையில், டேங்குக்குள் இறங்கிக் கழுவும்போது விஷவாயு அலாரம் அடித்தது. ஏணியில் முன்னால் நின்ற அன்பரசனைக் கீழே இழுத்துவிட்டு கார்மேகம் ஏறித் தப்பினான். அன்பரசன் உள்ளேயே செத்துப்போனான்.

"பின்னாலயே வர்றான்னு நெனச்சேன்" என்று தொழிலாளர் கேம்பில் சொல்லிவைத்தான். அன்றிலிருந்து தினமும் படுக்கையை நனைத்தான்.

வெள்ளிக்கிழமை லீவில், துபாய் தேராவிலிருந்த சீன வைத்தியரிடம் போய், வெட்கப்பட்டு இடுப்புவலி என்றான்.

நாடி பார்த்த வைத்தியர் அரைகுறை இந்தியில், "வலி மாஃபி, வலியே இல்ல பாய். பயம். கிட்னில இறங்கிடுச்சு. அதான் மூத்திரம் நிக்கல" என்றார்.

கார்மேகம் தலைகுனிந்தான். அவர் மருந்தை இரண்டு பொட்டலமாகக் கட்டினார்.

"ரெண்டு எதுக்கு?"

"உன் பின்னாலயே வந்தாரே, அவருக்கும் அதே பயம்தான்."

கார்மேகம் அவசரமாகத் தன் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது. ஆளில்லாத பக்கத்து நாற்காலியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.