முனிராஜின் மூன்று வாரப் பத்தியம்

"போனைத் தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?" மாதேஸ்வரி கணவன் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கினாள்.

"மணி பாத்தேன்டி."

"செவத்துல பாருங்க."

மூன்று வாரமாக முனிராஜுக்கு இதே பத்தியம்தான். கம்பெனியில் அவனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பார்ட்ஸில் முடியளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். இப்போதோ பார்ட்ஸெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. திங்கட்கிழமை கம்பெனியில் கண் டெஸ்ட். தேறாவிட்டால் லாரியில் சுமையேற்றும் லோடிங்குக்குத் தள்ளிவிடுவார்கள். போனை விட்டான், கண்ணுக்கு நல்லதென்று தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை தின்றான். மங்கல் மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும், மனைவியோடு மூக்கண்டப்பள்ளியில் இருந்த கண் டாக்டரிடம் போனான். போர்டில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தான்.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றார் டாக்டர்.

"கம்பெனியில மட்டும்தான் சார் மங்குது."

டாக்டர் அவன் கழுத்தில் கயிற்றோடு தொங்கியதைக் காட்டினார். "அதை மாட்டிட்டுப் படிங்க."

முனிராஜ் சேஃப்டி கண்ணாடியை மாட்டினான். போர்டு முழுக்கப் புகைமூட்டம்!

"இதை எதுல தொடைப்பீங்க?"

"மிஷின் தொடைக்கிற வேஸ்ட் துணியிலதான் சார்."

"அதுல இரும்புத்தூள் இருக்குமே! கண்ணாடி பூரா கீறல். முதல்ல வேற கண்ணாடி வாங்குங்க."

முனிராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாதேஸ்வரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஊர்ப்பட்ட பார்ட்ஸுல கீறல் கண்டுபுடிக்கிற ஆளு, மூக்கு மேல இருந்தத பாக்கலியே!"

"சரி சரி, போனைக் குடு."

"தரேன். முதல்ல வீட்டுக்கு வாங்க, கீரை இன்னும் ரெண்டு கட்டு கெடக்கு."