இரண்டு விரல் உயரம்

அசரியா பழையதாக வாங்கி, உயரம் தூக்கி வைத்த ஜீப் இடப்பக்கம் இரண்டு விரல் ஏறியே நின்றது. நாளை கல்யாண நாள். வெளியூர் போனவன் திரும்புவதற்குள் சரிசெய்து அசத்திவிட வேண்டும் என்று, ஆக்டிங் டிரைவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டியில் பின்னாலேயே முடிச்சூர் ஷெட்டுக்கு வந்தாள் அவன் மனைவி அமலராணி.

"போன மாசம் நீங்கதானே தூக்கிக் குடுத்தீங்க? கோணலா நிக்குது. தெருவே சிரிக்குது!"

"காலி வண்டி அப்டித்தான்கா நிக்கும். ஆளை உக்கார வெச்சுத்தான் நாங்க லெவல் பாப்போம்" என்ற மெக்கானிக் ஹாஜா மைதீன், தம்பி அக்தரின் நோட்டைப் புரட்டினார். "இதோ எழுதிகீறான் பாருங்க. 'சாரும் சம்சாரமும் உக்காந்து பாத்தாச்சு, லெவல் கரெக்ட்.' சார் ஒல்லி. அதான் உங்க பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை ஜாஸ்தி. நீங்க ஏறுங்க, தானா எறங்கும்."

அமலராணி நோட்டையே பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்து, சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஹாஜா குனிந்து அளந்தார். இன்னும் ஒரு விரல் உயரம் இருந்தது.

"இன்னாக்கா, ஒரே மாசத்துல இப்டி எளைச்சுட்டீங்க?"

'உன் முட்டிவலிக்கு இந்த உயரம் ஆகாது' என்று, அசரியா அவளை ஒருநாள்கூட அந்த ஜீப்பில் ஏற்றியதில்லை.