ஆறு மாதச் சரக்கு

"புயலு பெருசாம். ஊரே முகாமுக்குப் போயிருச்சு, நீங்களும் கெளம்புங்க மாப்ள" என்றான் லாரன்ஸின் மனைவி பிரெசில்லாவின் அண்ணன், போனில்.

லாரன்ஸ் சிரித்தான். "எதுக்கு மச்சான்? அரிசி, கருவாடு, புளி, குடிதண்ணி, அம்புட்டும் ஆறு மாசத்துக்கு வீட்டுலயே கெடக்கு."

சுவர் முழுக்கத் தானே அடித்த பலகைத் தட்டுகளில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தான்.

மாலைக்குள் கடல் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. மறுபடியும் போன்.

"ரோடு முங்கிருச்சு மாப்ள, இனி வண்டி வராது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒங்க வள்ளத்துல ஏறி வந்துருங்க."

ஸ்பீக்கரில் இருந்த போனை லாரன்ஸ் பிரெசில்லாவிடம் நீட்டினான்.

முழங்கால் தண்ணீரில் பிள்ளையோடு நின்ற பிரெசில்லா தட்டுகளையே பார்த்தாள்.

"பலகை வாங்குறது தண்டச்செலவுன்னு போன மாசம் வள்ளத்த ஒடச்சீங்களே, அத எங்கண்ணங்கிட்டச் சொல்லுங்க."