பர்மிட் கேட்ட நண்பன்

"பர்மிட் இருக்கா, டெல்மர்?"

கணவர் ஆர்லின் இப்படிக் கேட்டதும், முட்டைக் கூடையோடு வாசலுக்கு வந்த ஜாய்ஸுக்கு முகம் சுருங்கிப் போனது. டெல்மர் நாற்பது வருஷமாகப் பக்கத்துப் பண்ணைக்காரர். மனைவி மேவிஸை அடக்கம் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவரிடம் போய் இந்த மனுஷன் பர்மிட் கேட்கிறார்.

டெல்மர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"என்னப்பா, யாரோ எவனோகிட்ட கேக்கற மாதிரி கேக்கற? கைத்துப்பாக்கி விக்கறேன்னு தானியக் கிடங்குல நீ ஒட்டியிருந்ததப் பாத்துட்டுதான் வந்தேன். நீ போட்ட விலை. இந்தா."

"பர்மிட் காட்டணும்னும் அதுலயே போட்டிருக்கேன்."

"அயோவாவுல தனியாளுக்குத் தனியாள் விக்க இப்ப பர்மிட்டே வேணாம்யா. சட்டம் மாறி வருஷக் கணக்காச்சு. உனக்குத் தெரியாதா?"

"சட்டம் விட்டா விட்டுட்டுப் போகட்டும். நான் விடல."

டெல்மர் பர்ஸைத் துழாவி ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள ஷெரீப் ஆபீஸில் தரும் அட்டை. ஆர்லின் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"தேதி முடிஞ்சு போச்சே."

"மேவிஸ் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப முடிஞ்சது. அப்ப எனக்கு இதுக்கா நேரம்?"

"இப்பப் புதுப்பிச்சுட்டு வா. துப்பாக்கி எங்கயும் ஓடிடாது."

"ராத்திரியானா ரக்கூன் வந்து கோழியத் தூக்கிட்டுப் போகுதுய்யா. சாவுக்கு வந்த பையன் என் துப்பாக்கியெல்லாம் துடைச்சுத் தரேன்னு அள்ளிட்டுப் போயிட்டான். வெறுங்கையோட உக்காந்திருக்கேன்."

"ரூல்னா ரூல்தான் டெல்மர்."

டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் செத்தா பெட்டியத் தூக்கறதுக்கும் பர்மிட் கேப்பியா?"

விடுவிடுவென்று வண்டியில் ஏறினார். ஜாய்ஸ் கூடையோடு பின்னாலேயே ஓடினாள்.

"இந்த முட்டையையாவது எடுத்துட்டுப் போங்க டெல்மர்."

"எனக்கெதுக்கு? நீயே வச்சுக்க ஜாய்ஸ்."

வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஜாய்ஸ் திரும்பி வந்து கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள்லாம் ஒரு மனுஷனா? போன மாசம் பாதிரியாரோட தம்பிக்கு ஒரு கைத்துப்பாக்கி வித்தீங்களே, பர்மிட் கேட்டீங்களா?"

"கேக்கல."

"பெண்டாட்டிய பறிகொடுத்தவர்கிட்ட மட்டும்தான் உங்க ரூலா?"

ஆர்லின் துப்பாக்கியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவி துவாரத்தில் நுழையாமல் தடுமாறியது.

"பழைய டயருக்கு ரெண்டு டாலர் குறைக்க அரை நாள் மல்லுக்கட்டறவன் அவன். இன்னிக்கு பேரமே பேசல. போட்ட விலைய அப்படியே நீட்டறான்."

"அதுக்கு?"

"வேற என்ன சொல்லி இல்லேங்கறது? பர்மிட்டச் சாக்கு சொன்னேன்."

ஆர்லின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்டு. அவன் என்னைத் திட்டினா திட்டட்டும். இன்னிக்கு அங்கதான் படுக்கப் போறேன். அவன் பையனுக்கும் போன் பண்ணி வரச் சொல்லிடு."

"என்னங்க சொல்றீங்க? பாவம், அவர் ரக்கூனுக்காகத்தானே கேட்டார்?"

ஆர்லின் அவள் கையிலிருந்த கூடையையே பார்த்தார்.

ஜாய்ஸும் குனிந்து பார்த்தாள். போன வாரம் டெல்மர் தன் கோழிகளை ஒன்று விடாமல் கூண்டோடு கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டது அவள்தான்.