நேரில் வர வேண்டும்

அப்பா போர்முனையில் இருந்த, முழங்காலில் குண்டடி பட்ட அந்த நாற்பது நாட்களும் ராணுவப் பதிவேட்டில் ‘விடுமுறை’ என்று இருந்தன. அதனால் அவருக்குப் பதக்கம் இல்லை. அவர் இறந்த பிறகு மூன்று வருடம் மனு மேல் மனு போட்டேன். என் செருப்புதான் தேய்ந்தது.

வியாழக்கிழமை ஆவண அலுவலகத்துக் குமாஸ்தா தலை நிமிராமல் சொன்னார்: “திருத்தியாச்சும்மா. பதக்கத்த திங்கக்கிழமையே கொடுத்துட்டோம்.”

“யார்கிட்ட?”

“அவர்கிட்டதான். விதிப்படி சம்பந்தப்பட்டவர் நேர்ல வரணும். நோட்டீஸ் அனுப்பினோம், வந்தாரு.”

இறப்புச் சான்றிதழை மேஜையில் ஓங்கி வைத்தேன். குமாஸ்தா கையெழுத்து வாங்கும் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அப்பாவின் கையெழுத்துதான். கோபம் வந்தால் பேனாவை அழுத்துவார், காகிதம் கிழிந்திருந்தது.

“எவ்வளவு நேரம் காக்க வெச்சீங்க?”

“காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னாரு. பெஞ்சுல இடம் இல்ல.”

“அந்தக் காலோடவா நிக்க வெச்சீங்க? உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?”

“என்கிட்ட ஏம்மா கத்துறீங்க? அவரும் இப்படித்தான் கத்துனாரு. பதக்கத்துல வேற யாரோட ராணுவ நம்பரோ இருக்காம். மேஜையில வீசிட்டுப் போயிட்டாரு. வர்ற திங்கக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கோம்.”

திங்கட்கிழமை கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். பெஞ்சின் ஓரத்தில், காலை நீட்டிக்கொள்ள வசதியான இடத்தில், என் பையை வைத்தேன். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னேன்.

“ஆள் வர்றாங்க.”